நான்கு பச்சை மூடிகள்

முந்தாநாள், எங்கள் வீட்டு வாசலில், நான்கு பச்சை மூடிகள்!

கொழும்பிலிருந்து வசந்தி அக்கா பிள்ளைகளோடு புதுக் காரில் வந்திறங்கினாள். பெரியப்பா மகள். (பள்ளியில் என்னைவிடக் குறைவாகத்தான் மார்க் வாங்குவாள். எழுதிவிட்டேன், போகட்டும்.)

டயரில் காற்றடிக்கும் வாய்க்குப் பச்சை மூடி போட்டிருந்தால் உள்ளே நைட்ரஜன் என்று அர்த்தமாம். டயர் சூடாகாதாம், லேசில் இறங்காதாம். அன்று முழுவதும் இதே பேச்சு.

மறுநாள் அம்மாவுக்குப் பதுளை ஆஸ்பத்திரியில் கண் கிளினிக். தவறவிட்டால் மறுபடி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

என்னிடமும் கார் இருக்கிறது. பழசு. மூடிகள் கறுப்பு. அம்மாவைக் கிளினிக்குக் கூட்டிப்போகவென்றே வாங்கியது.

சாப்பிடும்போது அம்மா சொன்னார்: "நான் வசந்தி கார்லயே போறேன் புள்ள. அதுல குலுங்காதாம்."

எங்கள் மடுல்சீமை மலை ரோட்டில் குலுங்காத கார்! டயருக்குள் என்ன வாயு என்று குழி கேட்டுவிட்டா தூக்கிப்போடுகிறது?

நான் சோற்றைக் கொஞ்சம் அழுத்திப் பிசைந்தேன்.

நேற்றுக் காலையில் பார்த்தால் அக்காவின் முன் டயர் காற்றிறங்கிச் சப்பையாகக் கிடந்தது. நைட்ரஜன்தானே என்று மாதக்கணக்காகக் கவனிக்கவே இல்லையாம்.

என் டிக்கியில் கால் பம்ப் இருந்தது. அதைப் பார்த்ததும் அக்கா பதறினாள்.

"சாதாக் காத்து கலக்கக் கூடாதுன்னு சொன்னாங்களே. நீ சயன்ஸ் டீச்சர்தானே, கலக்கலாமா?"

ஆண்டு எட்டுக்கு நான் வருடா வருடம் படிப்பிக்கும் பாடம் இது. நாம் மூச்சுவிடும் காற்றிலேயே முக்கால் பங்குக்கு மேல் நைட்ரஜன்தான். கலந்தால் ஒன்றும் ஆகாது.

"கலக்கக் கூடாதுக்கா," என்றேன்.

(என் மாணவர்கள் யாரும் இதை வாசிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.)

அம்மா என் காரில் ஏறினார். பதுளை வரைக்கும் எனக்கு ராஜபவனி. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். இப்போதைக்கு ஒப்பரேஷன் வேண்டாம் என்றார் டாக்டர்.

திரும்பும்போது அம்மா கேட்டார்: "உன் கார்லயும் குலுங்கலயே. நீயும் அந்தக் காத்துதான் அடிச்சிருக்கியா?"

"முக்கால்வாசி அதுதாம்மா."

வீட்டில் அக்கா பைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் அந்த டயரோடேயே, நைட்ரஜன் அடிக்கும் கடை வரைக்கும், மெதுவாக மலையிறங்கிவிடுவதாக முடிவு. அத்தனை வளைவு, பின் சீட்டில் இரண்டு பிள்ளைகள். என் ராஜபவனி அங்கேயே முடிந்தது.

"அக்கா, கலக்கலாம். காலையில நான் பொய் சொன்னேன்."

அக்கா கட்டிக்கொண்டிருந்த பையைக் கீழே வைத்தாள். "சித்தி உன் கார்லதான் வரணும்னா வாயத் தொறந்து கேட்டிருக்கலாமேடி."

நான் பம்பை மிதித்தேன், அவள் மீட்டரைப் பார்த்தாள். டயர் நிமிர்ந்தது. இன்று காலையிலும் காற்று இறங்கவில்லை, நல்லபடியாகப் புறப்பட்டுப் போனார்கள்.

நைட்ரஜன் பிரயோசனமா என்று கேட்டால், காற்று கொஞ்சம் மெதுவாக இறங்கலாம். மாதம் ஒருமுறை குனிந்து பார்க்கிறவர்களுக்குச் சாதாக் காற்றே போதும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். காற்றடித்து முடித்ததும், அக்கா உள்ளே போன நேரத்தில், அந்தப் பச்சை மூடியை என் டயரில் மாட்டிப் பார்த்தேன்.

கச்சிதமாகப் பொருந்தியது. (திருப்பிக் கொடுத்துவிட்டேன்!)

பதுளையில் பச்சை மூடி மட்டும் தனியாக எங்கே கிடைக்கும்? யாருக்காவது தெரியுமா?