மறுபடி எழுதலாமா சார்?

எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி கொடுப்பதில் பாடம் நடத்துவது சுலபமான வேலை, ரிசல்ட் வந்த பிறகு ஆளாளுக்கு வந்து "மறுபடி எழுதலாமா சார்?" என்று கேட்பார்கள் பாருங்கள், அங்கேதான் தாவு தீர்ந்துவிடும். எழுது என்றால் வியாபாரத்துக்காகச் சொல்கிறான் என்பார்கள். வேண்டாம் என்றால் இவனுக்குச் சொல்லிக்கொடுக்கத் துப்பில்லை என்பார்கள். யாருக்காவது யோசனை சொல்லி மாட்டிக்கொண்ட அனுபவம் உங்களுக்கு இருந்தால் என் நிலைமை புரியும். ஆனாலும் இந்த முடிவை ஒவ்வொருவரும் எப்படித்தான் எடுக்கிறார்கள் என்று பார்ப்பதில் எனக்கு ஒரு தீராத ஆர்வம்.

கோழிப்பண்ணைக் கணக்கு

போன வருடம், எங்களிடம் படித்த சங்கீதா தன் அப்பாவோடு நாமக்கல் சென்டருக்கு வந்தாள். அப்பா கோழிப்பண்ணைக்காரர். சேலத்தில் ஒரு கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. மாதக் கடைசிக்குள் சேர வேண்டும். அவளுக்கோ பெரிய மேலாண்மைக் கல்லூரிகளில் ஒன்றில் படிக்க ஆசை. அதற்கு இந்த இடத்தை விட்டுவிட்டு, ஒரு வருடம் வீட்டிலிருந்து படித்து, மறுபடி தேர்வு எழுத வேண்டும்.

எழுதியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரை அவள் முந்தியிருக்கிறாள் என்று அப்பாவுக்கு விளக்கினேன். பெரிய இடங்களுக்கு அது போதாது என்றும் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங்க சார், நூறு கோழியில தொண்ணூறு முட்ட வெச்சா நாங்க கையெடுத்துக் கும்புடுவமுங்க. நீங்க பத்தாதுங்கறீங்க!"

வாழப்பாடிக்காரர் வாட்சை மாற்றினார்

சங்கீதாவும் அப்பாவும் யோசித்துச் சொல்வதாகப் போன மறுநாள் வாழப்பாடியிலிருந்து பிரபு வந்தான். மூன்று முறை எழுதியவன். மூன்று முறையும் மார்க் கிட்டத்தட்ட அதே இடத்தில் நின்றது. நான்காவது முறை எழுதலாமா என்று கேட்டான். இதுவரை என்னென்ன மாற்றிப் பார்த்தாய் என்று விசாரித்தேன். கேலிக்காக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. அவன் கொஞ்சமும் சிரிக்காமல் சொன்னான்:

"பரீட்ச எழுதற ஊர மாத்திட்டேன், வாட்ச மாத்திட்டேன், பேனாவ மாத்திட்டேன். இனிமே மாத்தறதுக்கு நான் ஒருத்தன்தான் சார் பாக்கி."

தனியாக வந்தபோது

அந்த வாரமே சங்கீதா தனியாக வந்தாள். மறுபடி எழுதினால் மார்க் ஏறுமா என்று கேட்பாள் என நினைத்துப் அவள் எழுதிய பழைய மாதிரித் தேர்வுத் தாள்களை எடுத்து வைத்திருந்தேன். நேரத்தைப் பங்கிடத் தெரியாமல்தான் அவள் கோட்டை விட்டிருந்தாள். ஏறும் என்றே எனக்குத் தோன்றியது, அதைச் சொல்லவும் செய்தேன். அவள் முகத்தில் சந்தோஷமே இல்லை. அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது.

"பரிச்சைக்கு எனக்குப் பயமில்லீங்க சார். ஒரு வருசம் ஊட்ல இருந்தா, பரிச்ச வாரதுக்குள்ள மாப்பிள்ள வந்துருமுங்க."

பூக் கேட்டது

எங்கள் பக்கத்தில் முடிவு எடுக்க முடியாவிட்டால் குலசாமி கோயிலில் பூக் கேட்பார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போடுவார்கள். பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் மறுபடி எழுதலாம், சிவப்பு வந்தால் சேலத்தில் சேர வேண்டும் என்று சங்கீதாவின் அப்பா வேண்டிக்கொண்டு கேட்டிருக்கிறார். வந்தது வெள்ளை.

சென்டருக்கு வந்து அதைச் சொல்லும்போதே அவர் முகம் தொங்கிப்போயிருந்தது. மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "அப்புறமென்ன, எழுதட்டுமே" என்றேன். "அன்னிக்குப் பூசாரி புது ஆளுங்க. பூவ ஒழுங்கா குலுக்கவே இல்லீங்க. வெள்ளிக்கிழம போயி இன்னொருக்கா கேட்டுப் பாக்கோணும்" என்றார்.

சங்கீதா மெதுவாகத் திரும்பினாள். "ஏனுங்கப்பா, சாமிகிட்ட நீங்க ரண்டாவது தடவ கேக்கலாம். நானு ஒரு பரிச்சைய ரண்டாவது தடவ எழுதக்கூடாதுங்களா?"

அவர் மின்விசிறியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் குனிந்து மேஜை டிராயரில் எதையோ தேடுவதுபோல் பாவனை செய்தேன். பிறகு அவர் மகளின் தலையில் கை வைத்தார்.

"செரி சாமி, நீ எழுது. கல்யாணத் தரகருக்கு நானு பதில் சொல்லிக்கறேன். வெள்ளிக்கிழம கோயலுக்கு மட்டும் போயிட்டு வாரேன். மறுக்கா கேக்கறதுக்கில்ல, சொன்னத நம்பாம போனதுக்கு மன்னிப்புக் கேக்கோணுமல்லொ."

ஆக, இத்தனை வருடமாக நான் கொடுத்த யோசனையால் யாரும் எந்த முடிவும் எடுத்ததில்லை. அவரவர் முடிவெடுக்கும்போது எதிரில் உட்கார ஒரு ஆள் வேண்டியிருக்கிறது, அந்த உத்தியோகம்தான் எனக்கு.