ஆயுத பூசையன்று நான் திறந்த பெட்டி

எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மலைநாட்டிலிருந்து இறங்கி வந்து பேக்கரி, லொறி, கட்டட வேலை, கத்தாரில் இரண்டு வருஷம், திரும்பவும் கொழும்பு என்று அலைந்தேன். ஓரிடத்தில் ஒரு வருஷத்துக்கு மேல் நிலைத்தது குறைவு. துரத்திவிட்ட இடங்கள் உண்டு. நானே சொல்லாமல் கிளம்பிய இடங்களும் உண்டு. சுவரோரம் படுத்தது, பாணும் பிளேன் டீயுமாக நாளை ஓட்டியது, இதையெல்லாம் நினைத்தால் எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றுவதில்லை. எல்லாருக்கும் நடப்பதுதான். நினைத்தால் முகம் கூசுகிற காரியம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது.

வெள்ளவத்தையில் ஒரு நகைக்கடை முதலாளிக்குக் கார் ஓட்டினேன். வீடு வெள்ளவத்தையில், கடல் பக்கம் இறங்கும் சின்ன ஒழுங்கை ஒன்றில், ஐந்தாம் மாடி. கடை கொட்டாஞ்சேனைப் பக்கம். காலையில் காலி வீதியால் கூட்டிப்போய், மாலையில் திரும்பக் கூட்டிவருவது என் வேலை. யாழ்ப்பாணத்து மனிதர். அறுபது தாண்டியவர். மெல்லிய குரல். என்னைத் தம்பி என்பார். நான் ஐயா என்பேன்.

நான் சேர்வதற்குச் சில வருஷங்கள் முந்தி, கடையைப் பூட்டிவிட்டு வரும்போது மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் அவரை வழிமறித்து அடித்துப் பையைப் பறித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். இடது காது அன்றோடு கேட்காமல் போனது. அதற்குப் பிறகுதான் கைத்துப்பாக்கிக்கு, எங்கள் பேச்சில் துவக்குக்கு, விண்ணப்பம் போட்டார். அனுமதிப்பத்திரம் கைக்கு வர அலையோ அலை என்று அலைந்ததாக அம்மா, அதாவது அவருடைய மனைவி, ஒருநாள் சொன்னார். ஒவ்வொரு வருஷமும் அதைப் புதுப்பிக்க ஒரு கோப்பு நிறையக் கடதாசி கொண்டுபோவார்.

அவரைப் போல அந்தப் பொருளுக்குப் பயந்து நடந்தவரை நான் கண்டதில்லை. காரில் முன் இடது சீற்றுக்குக் கீழே ஓர் இரும்புப் பெட்டியைத் தரையோடு நட்டுப் போட்டு இறுக்கி வைத்திருந்தார். வெளியே இருந்து எட்டிப் பார்த்தாலும் தெரியாது. துவக்கு அவருடைய இடுப்பில் இருக்கும். அதைக் கொண்டுபோகக் கூடாத இடம் ஏதும் வந்தால் மட்டும் பெட்டிக்குள் போகும். அப்போதும் குண்டு நிரப்பிய ரவைக்கூட்டைக் கழற்றி, உள்ளே ரவை இல்லை என்று இரண்டு தரம் பார்த்து, குழல் முனையைக் கீழே பிடித்தபடியே வைத்துப் பூட்டுவார். ரவைக்கூடு வேறொரு சின்னப் பெட்டியில். சாவி அவரிடம். இரவில் காரில் அது தங்காது. வீட்டில் சுவரோடு பொருத்திய பெட்டி ஒன்று இருந்தது.

"டாஷ்போட்டுக்குள்ள வைக்கிறவன் கள்ளனுக்கெண்டு வைக்கிறவன்" என்பார்.

சேர்ந்த முதல் நாளே என்னை முன்னால் நிறுத்திச் சொன்னார். "தம்பி, துவக்கு என்ர பேரில இருக்கு. என்ர கையில இருக்கிற வரைக்கும்தான் அது சட்டம். உன்ர கைக்கு வந்தா அது குற்றம். நீ அதைத் தொடக்கூடாது. அது இருக்கு எண்டு ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது. செக்பொயின்ற்றில மறிச்சா உள் லைற்றைப் போடு, ரெண்டு கையையும் ஸ்டியரிங்கில வை. பின்னால இருக்கிற ஐயாட்ட லைசன்ஸ் துவக்கு இருக்கு எண்டு முதல் வசனமாச் சொல்லு. மிச்சத்தை நான் கதைக்கிறன். விளங்குதோ?"

"வெளங்குதுங்க ஐயா."

ஒன்றரை வருஷம் அப்படியே நடந்தேன். இந்த நாட்டில் நான் அவ்வளவு காலம் நிலைத்த இடம் அது ஒன்றுதான்.

நவராத்திரி முடிகிற நாள். கொட்டாஞ்சேனையில் கடைக்குப் பக்கத்துக் கோயிலில் சரஸ்வதி பூசை உள்ளே, ஆயுத பூசை வெளியே. லொறி, வான், ஓட்டோ எல்லாம் தெருவில் வரிசையாக நின்றன. கண்ணாடிகளில் மாலை, சில்லுகளுக்குக் கீழே எலுமிச்சம்பழம். ஐயா வேட்டியோடு வந்திருந்தார். கோயிலுக்குள் ஆண்கள் மேல்சட்டையோடு போவதில்லை. வெறும் மேலும் வேட்டியுமாகப் போகிறவர் இடுப்பில் துவக்கை எப்படி வைப்பது? வழக்கம் போலப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். சட்டையைக் கழற்றிப் பின் சீற்றில் கொழுவினார். சாவிக்கொத்தை வேட்டி மடிப்பில் செருகிப் பார்த்தார். அது வழுக்கிக் கீழே விழுந்தது. இன்னொரு தரம் செருகினார், திரும்பவும் விழுந்தது. உள்ளே மணி அடிக்கத் தொடங்கியிருந்தது.

கொஞ்ச நேரம் சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் கையில் தந்தார்.

"பத்து நிமிஷம். காரை விட்டு அங்கால இங்கால போகாத."

அது பிழை என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஒன்றரை வருஷத்தில் அவர் செய்த ஒரே பிழை, என்னை நம்பியது.

எனக்கு முன்னால் ஓர் இரும்புக் கடை லொறி நின்றது. அதன் டிரைவர் ஜாக், ஸ்பேனர், சில்லுக் கழற்றும் கம்பி எல்லாவற்றையும் வாழையிலையில் பரப்பிச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தான். என் காரின் பொனட்டைப் பார்த்தான். அதில் ஒரு தேங்காயும் இரண்டு பழமும் இருந்தன.

"என்னா மச்சான், ஒரு ஸ்க்ரூடிரைவர் கூடவா இல்ல? டிரைவரா நீ, இல்ல ஐயாவுக்குக் கொடை புடிக்கிறவனா?"

ஓட்டோக்காரன் ஒருவன் பின்னாலிருந்து கத்தினான். "அவனுக்கு ஆயுதம் ஏசி சுவிட்சுதான்! அதுக்கு ஒரு பொட்டு வை மச்சான்!"

தெருவே சிரித்தது. பூ விற்ற பெண்ணும் சிரித்தாள். நானும் சிரித்திருக்கலாம். என் வாழ்க்கையில் இதைவிட மோசமாக எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள், துடைத்துவிட்டுப் போயிருக்கிறேன். அன்று கைப்பட்டி மடியாத வெள்ளைச் சட்டை, சப்பாத்து, நல்ல கார். கொஞ்சம் மேலே வந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. சாவி கையில் இருந்தது.

"என்கிட்ட என்ன ஆயுதம் இருக்குன்னு பாக்குறியா?" என்றேன்.

பெட்டியைத் திறந்து துவக்கை எடுத்தேன். நான் நினைத்ததை விடப் பாரமாக இருந்தது. ரவைக்கூட்டைத் தொடவில்லை. அந்த அளவுக்குத்தான் புத்தி இருந்தது. பொனட்டில் தேங்காய்க்குப் பக்கத்தில் வைத்தேன். லொறிக்காரனின் தட்டில் விரலைத் தொட்டு அதன்மேல் சந்தனம் வைத்து, குங்குமமும் வைத்தேன்.

சிரிப்பு நின்றது. அந்த ஒரு கணம் எனக்கு எவ்வளவு சுகமாக இருந்தது என்பதை மறைக்க முடியாது. லொறிக்காரன் வாயைத் திறந்தபடி நின்றான். பிறகு பூக்காரி, பக்கத்தில் நின்ற இரண்டு பிள்ளைகளைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டாள். இரண்டு மூன்று பேர் போனை உயர்த்தினார்கள். கற்பூரத் தட்டோடு வாகனம் வாகனமாக வந்துகொண்டிருந்த ஐயர் என் காருக்கு முன்னால் நின்று, "இதென்ன இது? எடும், எடும் உடன!" என்றார். நான் எடுக்கக் கை நீட்டுவதற்குள், வீதி ஒழுங்குக்கு நின்ற பொலிஸ்காரர் வந்துவிட்டார். தன் துவக்கில் கையை வைத்தபடி என்னைப் பின்னால் போகச் சொன்னார்.

"மேக்க காகெத?" இது யாருடையது என்று கேட்டார்.

எனக்குச் சிங்களம் நன்றாக வரும். என்றாலும் கோயில் வாசலைத்தான் திரும்பிப் பார்த்தேன்.

ஐயா வாசலில் நின்றார். வெறும் மேல், நெற்றியில் திருநீறு, கையில் பிரசாதம். பொனட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு நேராக வந்து, அந்த மெல்லிய குரலில் சிங்களத்தில் சொன்னார். "என்னுடையது. நான்தான் எடுத்து வைத்தேன். எங்களுக்கு இன்று ஆயுதங்களுக்குப் பூசை."

பொலிஸ்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஆமென்று தலையை ஆட்டினேன்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று விளங்க எனக்கு நேரம் எடுக்கவில்லை. அவர் எடுத்ததென்றால் அவருக்கு அனுமதிப்பத்திரம் போகும். நான் எடுத்ததென்றால் எனக்கு மறியல், சிறைதான். அதை ஒரு நிமிஷத்தில் கணக்குப் பார்த்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். போனில் படம் பிடித்தவர்களோ, லொறிக்காரனோ, யாரும் வாய் திறக்கவில்லை.

பொலிஸ் நிலையத்தில் மூன்று மணி நேரம். நான் வெளியே காருக்குப் பக்கத்தில் நின்றேன். யன்னல் வழியாகத் தெரிந்தது. மேசையில் குங்குமத்தோடு துவக்கு, அதற்கு முன்னால் மர வாங்குப் பலகையில் வெறும் மேலோடு ஐயா. போகிற வருகிறவர்கள் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவர் துவக்கைக் கும்பிடுவது போல நடித்துக் காட்டினார். ஐயா கைகளை நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், குளிருகிறவர் மாதிரி. நெஞ்சு மயிர் நரைத்திருந்தது. அவரை நான் அப்படிக் கண்டதே இல்லை.

அவருடைய சட்டை பின் சீற்றில் தொங்கியது. உள்ளே கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். உள்ளே போனால் ஏதாவது கேட்பார்கள் என்று பயந்தேன். மூன்று மணி நேரமும் அந்தச் சட்டையைப் பார்த்தபடி நின்றேன்.

திரும்பும் வழியில் சட்டையைப் போட்டுப் பொத்தான்களை மெதுவாகப் பூட்டினார். பம்பலப்பிட்டி தாண்டியதும் கேட்டார்.

"ஏன் தம்பி எடுத்தனீ?"

கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். கோபம் இருந்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. கோபம் இல்லை.

"ஐயாவோட உசிரக் காக்கிற பொருள். இன்னைக்கு அதுக்கு ஒரு பொட்டு வைக்காம விட மனசு வரலங்க ஐயா."

அவர் வெளியே திரும்பினார். கண்ணைத் துடைப்பது தெரிந்தது. "சரி" என்றார். "சரி, விடு."

விசாரணை நடந்தது. கடிதங்கள் வந்தன. கடைசியில் அனுமதிப்பத்திரம் ரத்தானது, துவக்கை ஒப்படைத்தார். என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. அம்மா முணுமுணுத்தபோது, "அவன் பக்தியில செய்தவன், என்ர உயிருக்கு நேர்ந்து செய்தவன், நீ கதைக்காத" என்று சொன்னது எனக்குக் கேட்டது. கடைக்கு வருகிறவர்களிடமும் அப்படித்தான் சொன்னார். சொந்தப் பிள்ளைகள் கனடாவில் இருக்க, வேலைக்கு வந்த ஒருவன் தன் உயிரை நினைத்தான் என்பது அவருக்குப் பெரிதாக இருந்தது. துவக்குப் போனதற்கு அவருக்குக் கிடைத்தது அது ஒன்றுதான்.

ஆனால் பயம் கூடியது. நான்கு மணிக்கே கடையை விட்டுக் கிளம்பினார். ஒருநாள் காலி வீதி, ஒருநாள் கடற்கரை வீதி என்று வழியை மாற்றச் சொன்னார். பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் கேட்கிற காதைத் திருப்பிக்கொண்டு அப்படியே இருப்பார்.

நாலைந்து மாதம் போயிருக்கும். வெள்ளவத்தைக்குக் கிட்ட, பகல் நெரிசலில் நின்றோம். ஒரு மோட்டார் சைக்கிள் பக்கத்தில் வந்தது. ஓட்டியவன் பின் கதவுக் கண்ணாடியில் டொக்கென்று தட்டினான். நான் திரும்புவதற்குள் ஐயா இரண்டு சீற்றுக்கும் இடையில் தரையில் இருந்தார். கை முன் சீற்றுக்குக் கீழே துழாவியது. பெட்டி மூடியைத் தட்டும் சத்தம் கேட்டது. அதற்குள் ஒன்றும் இல்லை.

மோட்டார் சைக்கிள்காரன் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி, சீற் பெல்ட் கதவுக்கு வெளியே தொங்குகிறது என்று காட்டிவிட்டுப் போனான்.

காரை ஓரம் கட்டினேன். அவர் மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். வேர்த்திருந்தது. முழங்காலைத் தட்டிக்கொண்டு, வெட்கத்தோடு சிரித்தார். என்னைப் பார்த்து வெட்கப்பட்டார். பிறகு, "நீ யோசிக்காத தம்பி. நீ நல்ல எண்ணத்தோடதானே செய்தனீ" என்றார்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. திரும்பாமல், ஸ்டியரிங்கைப் பார்த்தபடி சொன்னேன். பக்தி இல்லை என்றேன். ஒரு லொறிக்காரன் நக்கலடித்தான், அவனுக்குக் காட்டத்தான் எடுத்தேன் என்றேன். ஐயாவை நான் அப்போது நினைக்கவே இல்லை என்றேன். சொல்லச் சொல்ல எனக்கு நெஞ்சு இலகுவானது. அதைத்தான் இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பஸ்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு போயின.

"அதை நீ சொல்லாமலே விட்டிருக்கலாம்" என்றார்.

கதவைத் திறந்து இறங்கினார். வீட்டுக்கு இன்னும் மூன்று ஒழுங்கை இருந்தது. "ஐயா, வெயிலுங்க" என்றேன். திரும்பவில்லை. நடைபாதையால் நடக்கத் தொடங்கினார். நான் அவருக்குப் பின்னால் காரை மெல்ல உருட்டிக்கொண்டு போனேன். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் என்னை ஏசினார்கள். மோட்டார் சைக்கிள் ஒவ்வொன்றும் கடக்கும்போது அவர் சுவரோடு ஒட்டி நின்று, அது போன பிறகு நடந்தார். திரும்பவும் நின்றார், திரும்பவும் நடந்தார். அப்படியே வீட்டு வாசல் வரை போனார். காரில் மட்டும் ஏறவில்லை.