சவரிநாதன் சொன்ன மலையூரை நான் நம்பவில்லை

சவரிநாதன் இறந்த செய்தி எனக்கு சுவிட்சர்லாந்திலிருந்து வந்தது. அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் இரண்டே தெரு. மதியம் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் என் மகள் கலைச்செல்வி அங்கிருந்து கூப்பிட்டு, "அப்பா, சவரி மாமா போயிட்டாரு" என்று அழுதாள். "யாரு சொன்னா?" என்றுதான் நான் கேட்டேன். இங்கே இருக்கிற எனக்குத் தெரியாதது அவளுக்கு எப்படித் தெரிந்தது? சோற்றை மூடி வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் நம்பினேன்.

பாகூர் ஏரிக்கரையில் எங்களோடு காலை நடை வந்த உங்களுக்கு என் குணம் தெரியும். கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பதிவு பார்த்தே ஓய்வு பெற்றவன். எதிரில் நிற்கிற ஆள் "நான் உயிரோடதான் இருக்கேன்" என்றாலும் ஆதாரம் கேட்பேன். அப்படிப்பட்டவன் பக்கத்தில்தானா சவரிநாதன் வந்து சேர வேண்டும்?

சுவிட்சர்லாந்தில் ஒரு மலையூர் ஓட்டலின் சமையலறையில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்ததாகச் சொன்னார். ஊர்ப் பெயர் என் வாயில் நுழையவில்லை. போட்டோ காட்டினார். மர வீடு, சர்ச், புல்வெளி, பனி, எல்லாம் இருந்தது, அவர் மட்டும் ஒன்றிலும் இல்லை. கேட்டதற்கு, "எடுத்தவன் நான்தான சார், நான் எப்பிடி அதுல இருப்பேன்?" என்றார். சரியான பதில்தான். ஆனால் முன்கூட்டியே தயார் செய்து வைத்த பதில் போல எனக்குப் பட்டது.

முதல் வாரமே இன்னொரு சந்தேகம் வந்தது. கரையில் எதிரே வருகிற எல்லோருக்கும் வணக்கம் வைத்தார். மாடு ஓட்டி வருபவர், கரும்பு வெட்டப் போகிற பெண்கள், பைக்கில் போகிற முன்பின் தெரியாத ஆள், ஒருவரையும் விடவில்லை. "இன்னா சவரி, எலெக்‌ஷன்ல நிக்கப் போறியா?" என்று நேராகவே கேட்டேன். அவர் சிரித்தார். "அங்க மலைப் பாதையில எல்லாரும் எல்லாருக்கும் வணக்கம் வைப்பாங்க சார். மூஞ்சியப் பாக்காம போயிட்டா, நாளைக்கு ஒருத்தன் பள்ளத்துல வுழுந்து கெடந்தான்னா எந்தப் பக்கம் போனான்னு யாரு சொல்லுவாங்க?" என்றார். அந்த வருடம் தேர்தல் முடிந்து வேட்பாளர் பட்டியலைப் பார்க்கும்வரை எனக்கு நிம்மதி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை உலாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். லீவு கிடைக்கிற ஞாயிறுகளில் சமையலறை ஆட்கள் நாலைந்து பேராக ரொட்டியும் சீஸும் கட்டிக்கொண்டு கிளம்புவார்களாம். இவர் பையில் மட்டும் வீட்டிலிருந்து வந்த எலுமிச்சை ஊறுகாய். மேலே ஏற மஞ்சள் பஸ், இறங்கக் கால். அந்த பஸ் வளைவுக்கு வளைவு மூன்று சுரத்தில் ஹாரன் அடிக்குமாம். வழிப்பலகையில் இத்தனை கிலோமீட்டர் என்று இருக்காதாம், இத்தனை மணி, இத்தனை நிமிடம் என்றுதான் இருக்குமாம். "என் காலு எவ்ளோ வேகம்னு பலகைக்கு எப்பிடிய்யா தெரியும்?" என்று மடக்கினேன். அவர் அசரவில்லை. "இங்கேர்ந்து செலியமேடு முப்பத்தஞ்சு நிமிஷம் சார், வாங்க நடந்து பாக்கலாம்" என்றார். நடந்தோம். நாற்பத்தொரு நிமிடம் ஆனது. நான் வழியெல்லாம் நின்று நின்று கடிகாரம் பார்த்ததால்தான் என்று என் மேலேயே பழியைப் போட்டார்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன், மாட்டுக் கதையை மட்டும் முடியவில்லை. கோடையில் மலை மேல் மேயப் போன மாடுகள் குளிருக்கு முன்னால் ஊருக்கு இறங்கி வரும்போது, தலையில் பூ அலங்காரம், கழுத்தில் குடம் அளவு மணி, ஊரே தெருவில் நின்று வேடிக்கை பார்க்கும் என்றார். அட, இது நம்ம மாட்டுப் பொங்கல் அல்லவா! பக்கத்து நெட்டப்பாக்கத்தில் பார்த்ததைப் பனி மலையில் கொண்டுபோய் வைத்துச் சொல்கிறான், ஆள் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டான் என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

சரியாக அந்தச் சமயத்தில்தான் ஓட்டல் படிப்பு முடித்த என் மகளுக்கு அதே ஓட்டலில் ஒரு வருடப் பயிற்சி வாங்கித் தருகிறேன் என்றார். எனக்கு இருப்பது ஒரே பெண். மாட்டுக்குப் பூ வைக்கிற கதை சொன்ன ஆளை நம்பி அவளைக் கடல் கடந்து அனுப்புவதா? யாரிடமும் சொல்லாமல் போலீசில் மனு எழுதிக் கொடுத்தேன். அவரைக் கூப்பிட்டு, காலையிலிருந்து மதியம்வரை உட்கார வைத்து, பழைய பாஸ்போர்ட் முதல் எல்லாவற்றையும் பார்த்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் ஏரிக்கரையில், "ஸ்டேஷன்ல ஃபேன் ஓடல சார். நீங்களும் வந்திருந்தா பேசிக்கினாவது இருந்திருக்கலாம்" என்றார். அவ்வளவுதான். கத்தியிருந்தால் நிம்மதியாகியிருப்பேன். கத்தாததால், மனுஷன் எதையோ மறைக்கிறான் என்று மேலும் சந்தேகப்பட்டேன்.

கலைச்செல்வி என்னோடு மல்லுக்கு நின்றாள். "நீ நம்பலன்னா போ. நான் நம்புறேன்" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினாள். போன செப்டம்பரில் ஒரு நாள் வீடியோவில் கூப்பிட்டாள். அவளுக்குப் பின்னால் தெரு நிறைய மாடுகள். தலையில் பூ. மணிச் சத்தத்தில் அவள் பேசுவதே கேட்கவில்லை. "பாத்தியா? பாத்தியா?" என்று வாயசைப்பது மட்டும் தெரிந்தது.

பார்த்தேன். மறுநாள் சவரிநாதனிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். மூன்று நாள் அவரோடு நடந்தேன், மூன்று நாளும் மழையைப் பற்றியே பேசினேன். நாலாம் நாளிலிருந்து அவர் வரவில்லை. என்னைத் தவிர்க்கிறார், ஏதோ வெளியே வரப் போகிறது என்று நினைத்தேன். அந்தப் பாவி மனுஷன் ஆஸ்பத்திரியில் படுத்திருந்திருக்கிறார்.

அடக்கம் முடிந்த மாலை மகள் மறுபடி கூப்பிட்டாள். ஞாயிறுதோறும் அவளோடு பேசுவாராம். ஆஸ்பத்திரி விஷயத்தை என்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். "ஏன்?" என்றேன். "'உங்க அப்பா வந்து டாக்டரையே நீ டாக்டரான்னு கேப்பாரு, பாவம் அந்த டாக்டர் புள்ள'ன்னு சிரிச்சாருப்பா" என்றாள். நானும் சிரித்தேன். அப்புறம் என்னால் முடியவில்லை.

இன்னொன்றும் சொன்னாள். அன்று காலை ஓட்டல்கார அம்மா, சவரிநாதன் அவளுக்காக முன்பு எழுதியிருந்த சிபாரிசுக் கடிதத்தை எடுத்துப் படித்துக் காட்டினாராம். அதில் இப்படி இருந்ததாம்: "இந்தப் பெண்ணின் அப்பா என்னைப் போலீசில் எழுதிக் கொடுத்தவர். மகளுக்காக அவ்வளவு தூரம் போகிற மனிதரின் வீட்டில் வளர்ந்தவள் இவள். தைரியமாக எடுத்துக்கொள்ளுங்கள்."

நான் கொடுத்த மனுவைத் திரும்பப் பெறவில்லை. ஒரு மன்னிப்புகூடக் கேட்கவில்லை. சவரி, நீ எழுதிய அந்த நல்ல வார்த்தைக்கு நான் தகுதியானவன் இல்லையப்பா. ஆனாலும் அதைத் திருப்பித் தர எனக்கு மனசு வரவில்லை. நானே வைத்துக்கொள்கிறேன்.