புதிய சாவியை நம்பாத ஆப்

மேலாளரிடம் தலைபாடாக அடித்துக்கொண்டேன். எங்கள் ஆப், டெல்லி அடுக்குமாடி வளாகங்களில் காவலாளியின் போனில் ஓடுவது. வேலைக்கு வரும் பெண்களை உள்ளே விடலாமா என்று சர்வரைக் கேட்டுச் சொல்லும். போலி சர்வரிடம் ஏமாறாமலிருக்க, ஒரே ஒரு டிஜிட்டல் சாவியை மட்டும் நம்பும்படி அதைக் கட்டியிருந்தோம். சர்வரின் அடையாளச் சான்றிதழைப் புதுப்பிக்கும்போது சாவியும் மாறுமென்றால், புதிய சாவியை முன்கூட்டியே ஆப்புக்குள் வைத்து, எல்லாப் போன்களுக்கும் அது போய்ச் சேர்ந்த பிறகுதான் சர்வரைத் தொட வேண்டும்.

“அச்சா, அடுத்த ரிலீஸ்ல பாத்துக்கலாம்” என்றார். கோல் மார்க்கெட் அரசு ஊழியர் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். தள்ளிப்போடுவது ரத்தத்திலேயே ஊறியிருந்தது.

சர்வர் குழுவோ, கெடுவுக்கு முன்பே முடித்த பெருமையில், ஒரு காலையில் யாரிடமும் சொல்லாமல் சான்றிதழையும் சாவியையும் மாற்றிவிட்டது. எல்லா வாசல்களிலும் ஆப் வாயை மூடிக்கொண்டது. ‘ஆப்பைப் புதுப்பியுங்கள்’ என்று அறிவிக்கலாமென்றால், அந்த அறிவிப்பும் அதே சர்வரிலிருந்துதான் போக வேண்டும். யாருக்குப் போய்ச் சேரும்?

எங்கள் வீட்டில் சமைக்கும் விழுப்புரத்து அக்காவிடமிருந்து போன் வந்தது. எங்கள் வேலை முடிந்ததும் பக்கத்து வளாகத்தில் ஒரு குழந்தையைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்வார். அவர் குடும்பம் ஓடுவதே அந்த வேலையில்தான்.

“தம்பி, வாட்ச்மேன் பையா உள்ள உட மாட்டேங்குறாரு. ஆப்பு ஓடலையாம். கொழந்தையோட அம்மா ஆபீஸ் போவணும், ஜல்தி வான்னு கத்துது. நீங்கதான இத செஞ்சீங்க? கொஞ்சம் சொல்லுங்க.”

அந்த வளாகத்துக்கே போய்க் காவலாளியிடம் பேசினேன். தினமும் அக்காவைப் பார்க்கிறவன்தான். ஆப் சொல்லாமல் உள்ளே விட்டால் தன் வேலை போய்விடும் என்றான். அவனைக் கோபித்து என்ன பயன்? வீட்டுக்காரர்களின் கார்கள் மட்டும் தாராளமாகப் போய்வந்தன. அவற்றை யாரும் ஆப்பில் தேடுவதில்லை.

மேலாளரிடம் ஓடினேன். “பழைய சான்றிதழையே திரும்பப் போடச் சொல்லுங்க சார்.”

“மீட்டிங் போட்டு முடிவு பண்ணலாம்.”

போட்டார்கள். யார்மேல் தப்பு என்பதிலேயே மதியம் கடந்தது. கடைசியில் பழைய சான்றிதழைத்தான் திரும்பப் போட்டார்கள். “பெரிசா ஒண்ணும் பாதிப்பு இல்ல” என்று மேலாளர் எல்லோருக்கும் சமோசா வரவழைத்தார். நான் தொடவில்லை.

மறுநாள் காலை அக்கா அந்த வாசலில் நின்றபோது ஆப் அருமையாக வேலை செய்தது. குழந்தையின் அம்மா முந்தைய மாலையே வேலையாட்கள் பட்டியலிலிருந்து அக்காவின் பெயரை நீக்கிவிட்டதை உடனே காட்டியது.