லீவுக்குக் காத்திருந்த வலி

எங்கள் தெருவில் பாதி ஆம்பளைகள் குவைத்திலும் துபாயிலும் இருக்கிறார்கள். அதனால் இங்கே கல்யாணம், காதுகுத்து, புதுவீட்டுப் பால்காய்ச்சு எல்லாமே அவர்கள் லீவைப் பார்த்துத்தான் நடக்கும். நோயையும் அப்படி லீவுவரை தள்ளிவைத்தவள் பொற்கொடி. அவள் அப்படிச் செய்ததில் எனக்கும் பங்குண்டு. அதை மறைத்துவிட்டு அவள் கதையைச் சொல்வது நியாயமில்லை.

அறந்தாங்கியிலிருந்து கட்டுமாவடி போகிற ரோட்டில் எங்கள் ஊர். பொற்கொடி எதிர்வீட்டு மருமகள். பி.எஸ்ஸி. கணிதம் படித்த கெட்டிக்காரி. கரண்ட் பில்லிலிருந்து மாமியார் அமராவதியின் கண் ஆபரேஷன் வரைக்கும் தனியாளாக நின்று பார்த்தாள். கணவன் செம்மல் குவைத்தில் டிரைவர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவு. கல்யாணமாகி ஏழு வருஷத்தில், கல்யாணத்துக்கு வந்த லீவையும் சேர்த்து, இருவரும் சேர்ந்திருந்த நாட்களைக் கூட்டினால் எட்டு மாதம்தான் வரும். குழந்தை இல்லை. அதைப் பற்றித் தெருவே கவலைப்பட்டது. எங்களுக்கு வேறு என்ன வேலை.

கல்யாணத்துக்குப் பிறகு வந்த மூன்றாவது லீவு முடிந்து அவன் போன எட்டாம் மாதம் அவளுக்கு அடிவயிற்றில் வலி எடுத்தது. சாயங்காலமானால் காய்ச்சல். வீட்டில்கூடச் சொல்லாமல் அறந்தாங்கியில் ஒரு பெண் டாக்டரிடம் போனாள். மாசமாக இருந்த என் மகளை செக்கப்புக்குக் கூட்டிக்கொண்டு நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன். புருஷன் வெளிநாட்டில் இருக்கும்போது பிரசவம் பார்க்கிற இடத்தில் இவளுக்கு என்ன ஜோலி என்று என் புத்தி போனது.

“என்ன பொற்கொடி, இங்கிட்டு? செம்மல் வந்துருக்கானா?” என்றேன். வரவில்லை என்று எனக்கு நன்றாகவே தெரியும். சிரித்துக்கொண்டு வேறு கேட்டேன்.

“இல்லக்கா. தெரிஞ்சவுங்களப் பாக்க வந்தேன்.”

டோக்கனைக் கைக்குள் மடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். டாக்டரைப் பார்க்கவே இல்லை.

அதற்குப் பிறகு காய்ச்சல் வரும்போதெல்லாம் மெடிக்கலில் சொல்லி ஐந்து நாள் மாத்திரை வாங்கினாள். வலி அடங்கும், ஒரு மாதம் கழித்து மறுபடி வரும். செம்மலிடம் வீடியோ காலில் சொன்னாள்.

“லீவுல வாரேன்ல, ரெண்டு பேருமே போய்ப் பாத்துருவோம்” என்றான்.

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எப்படியும் குழந்தைக்காக டாக்டரிடம் போகத்தான் போகிறோம், அதோடு இதையும் பார்த்துவிடலாம் என்று இருவரும் நினைத்தார்கள். பதினாலு மாதம் இப்படியே ஓடியது.

லீவுக்கு இரண்டு மாதம் இருந்தபோது, ஒரு காலையில் வாசல் தெளிக்கக் குனிந்தவளால் நிமிர முடியவில்லை. நானும் அமராவதியும் கார் பிடித்துத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனோம். ஸ்கேனில் இரண்டு சினைப்பையிலும் கட்டி தெரிந்தது. கேன்சராகவும் இருக்கலாம், திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றார் டாக்டரம்மா.

“எம் மகன் வந்துரட்டுங்க. ரெண்டு மாசந்தான்” என்றாள் அமராவதி.

பொற்கொடி அதைக் காதில் வாங்கவில்லை. “ஒரு பக்கமாச்சும் மிஞ்சுமாங்க?” என்று டாக்டரம்மாவைக் கேட்டாள்.

“முடிஞ்ச வரைக்கும் பாக்குறேம்மா.”

அவளே கையெழுத்துப் போட்டாள்.

மிஞ்சவில்லை. சினைப்பைகளும் கருக்குழாய்களும் குடலோடு ஒட்டிக்கொண்டு, மஞ்சளாய்க் கெட்டிப்பட்டுக் கிடந்தனவாம். இரண்டு பக்கமும் எடுத்துவிட்டார்கள். பத்து நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. கேன்சர் இல்லை, நாள்பட்ட அழற்சி. ரொம்ப அபூர்வமாக வருகிற வகை. கிருமி அரைகுறை மருந்தில் சாகாமல் உள்ளேயே கிடக்க, அதை எதிர்த்த செல்களில் கொழுப்பு சேர்ந்து சேர்ந்து சதையே கட்டியாகிவிட்டது என்று டாக்டரம்மா விளக்கினார். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் மருந்திலேயே சரிசெய்யப் பார்த்திருக்கலாம் என்றும் சொன்னார். அவர் யாரையும் குறிப்பாகப் பார்த்துச் சொல்லவில்லை. நான்தான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் தெருக்காரர்கள் ஹார்லிக்ஸும் சாத்துக்குடியுமாகப் போய்ப் பார்த்தார்கள். கேன்சர் இல்லையாமே, பெரிய கண்டம் தப்பியது என்று ஆளாளுக்கு ஆறுதல் சொன்னார்கள். என் முறை வந்தபோது நானும் அதையேதான் சொன்னேன்.

பொற்கொடி என் முகத்தைப் பார்த்தாள்.

“கேன்சருன்னா மொத நாளே வெளிய சொல்லிருப்பேன்க்கா. யாரும் என்னயத் தப்பா நெனச்சிருக்க மாட்டீங்கள்ல.”

அவள் குரலில் கோபம் இல்லை. நான் அவளிடம் இதுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால், ‘பரவாயில்லக்கா’ என்று எனக்கு ஆறுதல் சொல்லும் வேலையும் அவள் தலையில்தான் விழும்.