நேரலையில் லோவு கரும்புக்காடு

இந்தத் தீவுநாட்டின் லோவு கரும்புக்காட்டில், அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த ஒப்பந்தக் கூலிகள் வரிசையாகக் குடியிருந்த லைன் வீடுகளைத் தேடி, எங்கள் தொல்லியல் குழு தோண்டுகிறது. நான் ஃபேஸ்புக்கில் நேரலை விடுகிறேன். குழியில் ஓட்டுத்துண்டுகூட இல்லை, ஆனாலும் முப்பது பேர் பார்க்கிறார்கள்! நிலத்துக்காரர் முனிசாமி திரையில் பார்ப்பவர்களில் ஒரு பெயரைக் காட்டுகிறார்.

"என் தம்பி. ராணுவம் ஆட்சியப் புடிச்சப்ப பிரிஸ்பேன் போயிட்டான். நானும் கூட வரலேன்னு பத்து வருசமாப் பேச்சே இல்ல. ஃபோன எடுக்கமாட்டான், மண்ணு தோண்டுறத மட்டும் பாக்குறான்!"

குழியை மூடப்போகிறோம். அதற்குள் தம்பியின் கமெண்ட், இங்கே எல்லோரும் பேசும் இந்தியில் வருகிறது. முனிசாமி எனக்காகத் தமிழில் சொல்கிறார்: "அண்ணே, எடம் தப்பு. மாட்டுக்கொட்டாய்ப் பக்கம் தோண்டச் சொல்லு."

சொல்லிவிட்டு உரக்கச் சிரிக்கிறார்.

"அவன் சொல்றதுதான் தப்பும்மா. ஆனா அங்கேயே தோண்டுங்க."