கழுவாத திராட்சை

கொல்லிமலையில் எங்கள் திராட்சைப் பந்தலுக்கு விஷ மருந்தே அடிப்பதில்லை. அது என் மனைவியின் பிடிவாதம். யார் வந்தாலும் ஒரு கொத்தைப் பறித்து நீட்டி, “கழுவ வேண்டாங்க, அப்படியே தின்னுங்க” என்பாள்.

ஒரு வருடம் பூக்கும் பருவத்தில் இலைப்பேன் விழுந்தது. வேப்பெண்ணெய் தெளித்தும் அடங்கவில்லை. அவள் சேந்தமங்கலம் போயிருந்த அன்று, பொறுமைகெட்ட நான் கடை மருந்தை வாங்கி அடித்துத் தொலைத்தேன்.

திரும்பி வந்தவள், பந்தலடியில் செத்துக் கிடந்த தேனீக்களைக் கூட்டி அள்ளினாள். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

பழம் பழுத்ததும் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் வந்தார். கொத்தை நீட்டியவள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

“கொஞ்சம் இருங்க, கழுவித் தாரேன்.”